கணக்குக்கு முன்னால் நிற்கிற பாடம்

புனேயின் கராடியில் ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால், பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. இரவு பதினொன்றரைக்கும் ஹால் விளக்கு எரியும். இயான் ஐ.டி. பார்க்கில் அமெரிக்கக் கிளையன்டோடு பேசி முடித்து வந்த அப்பா, ஷூவைக்கூடக் கழற்றாமல், அதே மீட்டிங் குரலில் "சரி, என்ன முடிவு பண்ணியிருக்கோம்?" என்று ஆரம்பிப்பார். சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்குப் பொறுமை கிடையாது. ரிசல்ட் பிறகுதான் வரும். பதினொன்றாம் வகுப்பை ஏப்ரலிலேயே தொடங்கிவிடுவார்கள். ஆகவே, எத்தனை மார்க் என்று தெரிவதற்கு முன்பே, என்ன ஆகப்போகிறோம் என்பதை ஒரு பக்கப் படிவத்தில் நிரப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அப்படியொரு படிவம், வேர்ல்ட் டிரேட் சென்டர் ஜன்னலில் தெரியும் ஒரு ஃபிளாட்டின் சாப்பாட்டு மேஜையில், மாவடு பாட்டிலுக்கு அடியில் பல நாளாகக் கிடந்தது. பறந்துவிடக் கூடாது என்று பாட்டிலை வைத்தவர் குடும்பத் தலைவி. பறந்துவிட்டால் தேவலை என்று நினைத்தவர் குடும்பத் தலைவர். (அவர்தான் தலைவர் என்று ரேஷன் கார்டில் போட்டிருக்கிறது. வேறு ஆதாரம் கிடைக்கவில்லை.)

தலைவர் திருநெல்வேலிச் சீமைக்காரர். தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் பிளஸ் டூ படித்தவர்களுக்கு மனிதகுலம் என்பது ஃபர்ஸ்ட் குரூப், செகண்ட் குரூப், தேர்ட் குரூப் என்று பிரிந்து கிடப்பது. சாதி கேட்பது நாகரிகமில்லை என்று தெரிந்தவர்கள்கூட, கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் "பையன் எந்த குரூப்பு?" என்று கூசாமல் கேட்பார்கள். தலைவர் ஃபர்ஸ்ட் குரூப். அவருடைய அண்ணன் ஃபர்ஸ்ட் குரூப். தம்பி தேர்ட் குரூப் எடுத்து, இன்று தூத்துக்குடியில் மற்ற இருவரையும் விட நன்றாக இருக்கிறார் என்பது குடும்பத்தில் யாரும் பேசாத விஷயம்.

மகளின் திட்டம் இது: இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம், ஐந்தாவதாகக் கணக்குக்குப் பதில் உளவியல். அதோடு நிற்கவில்லை. அடுத்த மே மாதம் அமெரிக்காவின் காலேஜ் போர்டு நடத்துகிற ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) சைக்காலஜி பரீட்சையும் எழுதிப் பார்க்க வேண்டும்.

தலைவர் மென்பொருள்காரர், எண் எது சொன்னாலும் மரியாதையோடு கேட்பவர். படிவத்தை எடுத்து, பாட எண்களைத் தடவிப் பார்த்தார். கணக்கு 041, இயற்பியல் 042, வேதியியல் 043, உயிரியல் 044. முகம் மலர்ந்தது. "பாத்தியாட்டி? போர்டுக்காரனே ஃபர்ஸ்ட் குரூப்ப வரிசையா நம்பர் போட்டு அடுக்கி வச்சிருக்கான்."

"சைக்காலஜி 037 ப்பா. கணக்குக்கு முன்னாலயே நிக்குது."

அன்றைய மீட்டிங் அத்தோடு ஒத்திவைக்கப்பட்டது.

இந்தப் பாடத்தைப் பற்றி வீட்டுக்கு வீடு நிலவும் நம்பிக்கை ஒன்று உண்டு: சுலபமாக மார்க் வாங்கலாம், கதைப் புத்தகம் மாதிரி வாசித்துவிட்டுப் போகலாம். சி.பி.எஸ்.இ. கணக்குப்படி எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 30. அந்த முப்பதுதான் நம்பிக்கைக்கு மூலம். ஆனால் செய்முறை என்றால் இங்கே உப்பும் இல்லை, தவளையும் இல்லை, மனிதர்கள்தான். பன்னிரண்டாம் வகுப்பில் மாணவர்கள் நுண்ணறிவு, ஆளுமை, பதற்றம் என்று உளவியல் சோதனைகளைப் பிறர்மேல் நடத்தி எழுத வேண்டும். ஒரு தனிநபர் ஆய்வும் தயாரிக்க வேண்டும். எதிர் ஃபிளாட்டுக் காக்கூவின் (மராத்திக்காரர்களின் மாமி) மகன் சென்ற வருடம் இதைச் செய்தபோது, ரேவனின் வடிவப் புதிர்களைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறி இறங்கினான். ஜான் ரேவன் 1938-இல் வெளியிட்ட சோதனை அது. ஐந்து தொகுதி, தொகுதிக்குப் பன்னிரண்டு, மொத்தம் 60 புதிர்கள். எழுத்தே கிடையாது, விடுபட்ட துண்டு எது என்று கண்டுபிடித்தால் போதும். சொசைட்டி செயலாளர் கடைசித் தொகுதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, கேள்வித்தாளில் அச்சுப்பிழை இருப்பதாக அறிவித்தார்.

பாடப்புத்தகத்தில் ஒரு விசேஷம் இருக்கிறது. என்.சி.இ.ஆர்.டி.யின் பதினொன்றாம் வகுப்பு உளவியல் புத்தகத்தில் முன்பு மூன்றாவது அத்தியாயமாக மூளையும் நரம்பு மண்டலமும் இருந்தன. கொரோனாவுக்குப் பிறகு பாடச்சுமையைக் குறைத்தபோது அந்த அத்தியாயத்தை முழுதாக எடுத்துவிட்டார்கள். உளவியல் இருக்கிறது, மூளை இல்லை. அமெரிக்க ஏ.பி. பாடத்திட்டமோ மூளையில்தான் தொடங்குகிறது. 2024-25 முதல் ஒன்பது அலகுகளை ஐந்தாகச் சுருக்கியவர்கள், முதல் அலகாக உடலியல் அடிப்படையை விடாமல் வைத்துக்கொண்டார்கள். 2023-இல் ஃபுளோரிடா மாநிலத்தில் பாலினம், பாலியல் நாட்டம் பற்றிய பகுதியைத் தொடக் கூடாது என்று அரசு நெருக்க, அதை எடுத்தால் ஏ.பி. என்ற பெயரையே போடக் கூடாது என்று காலேஜ் போர்டு முரண்டு பிடித்தது. பத்திரிகையெல்லாம் அமர்க்களம், பள்ளி திறக்கிற ஆகஸ்டில் மாநிலம் இறங்கி வந்தது. அங்கே ஒரு பகுதிக்கு அவ்வளவு கூச்சல். இங்கே மூளையையே எடுத்தார்கள். ஒரு டீக்கடையிலும் பேச்சில்லை.

அந்த ஏ.பி. தேர்வும் சாதுவல்ல. 1992-இல் முதன்முதலாக நடத்தியபோது எப்படியோ, இப்போது 90 நிமிடத்தில் 75 கேள்விகள். அதற்குமேல் 70 நிமிடத்தில் இரண்டே இரண்டு பெரிய கேள்விகள். அந்த இரண்டில்தான் விஷயம். ஒன்றில், ஒரு ஆராய்ச்சியின் சுருக்கத்தைக் கையில் கொடுத்து, எந்த முறையில் செய்தார்கள், எதை அளந்தார்கள், இந்த எண்ணுக்கு என்ன அர்த்தம், இதை மற்றவர்களுக்குப் பொருத்தலாமா என்று குடைவார்கள். மற்றொன்றில் மூன்று ஆராய்ச்சிகளைக் கொடுத்து, நீயே ஒரு முடிவுக்கு வந்து, ஆதாரத்தோடு வாதாடு என்பார்கள். ஆக, மனசைப் பற்றிய பாடம் என்று நம்பிப் போகிறவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் சந்தேகப்படுவதற்கான பயிற்சி. கணக்குக்குப் பயந்து வருகிறவர்கள் புள்ளியியலில் போய் விழுகிறார்கள்.

செய்தி அன்று இரவே பாளையங்கோட்டைக்குப் போய்விட்டது. ஆச்சி வீடியோ காலில் நெற்றி மட்டும் தெரிய வந்தாள்.

"ஏட்டி, பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்குத படிப்பாமே? கீழ்ப்பாக்கத்துலயா போய் இருக்கப் போற?"

தமிழ்நாட்டில் கீழ்ப்பாக்கம், புனேயில் ஏரவாடா. கராடியிலிருந்து நகர் ரோட்டில் புனே ஸ்டேஷனுக்குப் போகிற வழியில்தான் ஏரவாடா வருகிறது. வட்டார மனநல மருத்துவமனை அங்கேதான். 2,540 படுக்கைகள் கொண்ட, நாட்டின் மிகப் பெரிய மனநல மருத்துவமனைகளில் ஒன்று. மராத்தி நண்பர்கள் ஒருவரை ஒருவர் கேலி செய்ய அந்தப் பெயரைச் சொல்வதும், நம்மவர்கள் கீழ்ப்பாக்கத்தைச் சொல்வதும் ஒரே ராகம். 1794-இல் சென்னையில் தொடங்கி 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் இருந்துவரும் மனநல மருத்துவமனையை அறுபதுகளிலும் எழுபதுகளிலும் நடத்தியவர் டாக்டர் எம். சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்காமல் 1984-இல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கி, மனச்சிதைவு நோயுள்ளவர்கள் வீடு திரும்பி வேலைக்குப் போக வழி செய்தார். 2021-இல் தொண்ணூற்றெட்டு வயதில் காலமானார். பேத்தி இதையெல்லாம் சொன்னாள். ஆச்சி கவனமாகக் கேட்டுவிட்டு, "அந்தம்மா டாக்டருக்குல்லா படிச்சிருக்கா?" என்றாள். ஆச்சியும் மனதளவில் ஃபர்ஸ்ட் குரூப்.

உண்மையில் தமிழர்கள் இந்தப் பாடத்தை எப்போதோ படித்து முடித்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2005 ஏப்ரலில் 'சந்திரமுகி', ஜூனில் 'அந்நியன்'. இரண்டே மாதத்தில் ஒரு மாநிலம் முழுக்க ஸ்ப்ளிட் பெர்சனாலிட்டியில் தேர்ச்சி பெற்றது. அமெரிக்காவிலிருந்து வரும் மனநல மருத்துவர் அடியாட்களைப் பந்தாடுவார், பட்டம் விடுவார், பிறகு பேயோட்டுகிறவருடன் கூட்டுச் சேர்ந்து நோயாளியைக் குணப்படுத்துவார். தலைவருக்கு இன்றும் மனச்சிதைவும் இரட்டை ஆளுமையும் ஒன்றுதான். இரண்டும் வேறு வேறு என்று மகள் சொன்னபோது, "அப்ப ரஜினி சொன்னது?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்டதாகத்தான் தெரிகிறது. உறுதியாகச் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தன் நகர் மார்க்கெட்டில் காய் வாங்கிவிட்டு, தமிழ்நாட்டுத் தகப்பன்மார் நாலைந்து பேர் ஃபில்டர் காபி கிடைக்கிற ஒரு கடை வாசலில் நிற்பார்கள். கராடியின் உயர்கல்வி ஆலோசனைக் குழு அதுதான். முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கும் பையோடு தலைவர் விஷயத்தைக் கிளப்பினார்.

"ஸ்கோப் இருக்குங்களா?" என்றார் கோயம்புத்தூர்க்காரர்.

ஸ்கோப் இருக்கிறதா என்பது நியாயமான கேள்விதான். கேட்பவர்கள் பதிலுக்குக் காத்திருப்பதில்லை, அவ்வளவே. மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-இல் தமிழ்நாடு உட்படப் பன்னிரண்டு மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நோயின் வகையைப் பொறுத்து நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சையே பெறாமல் இருக்கிறார்கள் என்றது. தேவை மலையாகக் கிடக்கிறது. ஆனால் மருத்துவ உளவியலாளர் என்று வாசலில் போர்டு மாட்ட இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு வேண்டும். அதற்கு நெடுங்காலமாக இருந்துவந்த வழி, இளங்கலை, முதுகலை, அதற்குமேல் இரண்டு வருட எம்.ஃபில். சீட்டுகளோ சொற்பம். வேலைக்குப் போய்க்கொண்டே தபாலில் படித்துவிடலாம் என்ற கதவும் 2025-இல் மூடிவிட்டது. உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு சொல்லிவிட்டது.

"எம்.பி.பி.எஸ்.ஸே முடிச்சிரலாம் போலயே" என்றார் மதுரைக்காரர்.

கூட்டத்தில் இளையவர், காபியைச் சுழற்றியபடி, தங்கள் கம்பெனியில் ஆப் வடிவமைக்கும் குழுவில் உளவியல் படித்தவர்கள் இருக்கிறார்கள் என்றார். பயனாளி எந்தப் பொத்தானை ஏன் அழுத்துகிறார், ஏன் பாதியில் ஓடிப்போகிறார் என்று உட்கார்ந்து பார்ப்பது அவர்கள் வேலை. தகப்பன்மார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தாங்கள் இரவெல்லாம் எழுதிய நிரலைப் பயனாளி ஏன் சபிக்கிறார் என்பதைச் சொல்ல ஒருத்தருக்குச் சம்பளமா?

ஸ்கோப் விஷயத்தில் மைசூர் எம்.வி. கோபாலசுவாமியை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. லண்டனில் உளவியலாளர் ஸ்பியர்மனிடம் படித்து வந்து, 1924-இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையைத் தொடங்கியவர் அவர். வகுப்பெடுத்த நேரம் போக, 1935-இல் தன் வீட்டிலேயே சொந்தமாக ஒரு வானொலி நிலையம் நடத்தினார். அதன் பெயர் 'ஆகாசவாணி'. அகில இந்திய வானொலி பின்னாளில் எடுத்துக்கொண்ட பெயர். உளவியல் படித்தவன் என்ன ஆவான் என்று 1924-இல் மைசூரில் ஒரு காபிக் குழு கேட்டிருந்தால், ரேடியோ ஸ்டேஷன் வைப்பான் என்று ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

குழு கலையும் முன் யாரோ ஒருவர், இணையத்தில் ஒரு கேரியர் டெஸ்ட் இருக்கிறது, பணம் கட்டினால் பிள்ளை எதற்கு லாயக்கு என்று சொல்லிவிடும் என்றார். கட்டினார்கள். வண்ண வண்ணமாகப் பை சார்ட் போட்ட அறிக்கை ஒன்று வந்தது. மகள் சில சமயம் கலகலப்பாகப் பழகுவாள், சில சமயம் தனிமையை நாடுவாள் என்று அதில் இருந்தது. திறமை நிறைய உண்டு, இன்னும் முழுதாக வெளிப்படவில்லை. வெளியே தைரியம், உள்ளே கொஞ்சம் தயக்கம்.

"அப்படியே அச்சு அசல் இவதான்!" என்று தலைவர் வியந்துபோனார்.

மகள் அதே அறிக்கையை அப்பாவின் பெயரைப் போட்டு வாசித்துக் காட்டினாள். அதுவும் அச்சு அசலாக இருந்தது. ஊறுகாய் எடுக்க வந்த தலைவியும், தன்னைப் பற்றி யார் இவ்வளவு சரியாக எழுதியது என்று கேட்டாள்.

1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் வகுப்பில் 39 மாணவர்களுக்கு ஆளுமைச் சோதனை வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக முடிவை எழுதிக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மார்க் போடச் சொன்னார், சராசரி 4.26 வந்தது. பிறகுதான் சொன்னார், எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள். வாசகங்களைப் பொறுக்கியது கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து. ஆச்சி பாளையங்கோட்டையில் பார்த்த ஜோசியர், பேத்திக்குப் புதன் நல்ல இடத்தில் இருக்கிறான் என்றும் எந்தப் படிப்பிலும் ஜொலிப்பாள் என்றும் சொன்னது, பை சார்ட்டை விடத் தெளிவாகவும் மலிவாகவும் இருந்தது.

இதற்காக எல்லாச் சோதனையையும் ஒரே மூட்டையில் கட்டித் தூக்கிப் போடுவதும் சரியல்ல. புனே நகரத்துக்குள் சதாசிவ பேட்டையில், 1962-இல் அப்பா பெண்ட்சே தொடங்கிய ஞான பிரபோதினி இருக்கிறது. அதன் உளவியல் நிலையம், நுண்ணறிவைப் பல கூறுகளாகப் பிரித்த கில்ஃபர்டின் கொள்கையை வைத்து நெடுங்காலம் உழைத்த இடம். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளை அங்கே திறனறி சோதனைக்கு அழைத்துப் போவது பழைய புனே மராத்திக் குடும்பங்களுக்கு வழக்கம். எதிர் வீட்டுக் காக்கூ இதைச் சொல்லித்தான் பார்த்தாள். கராடிக்காரர்களுக்குச் சதாசிவ பேட்டை என்பது இன்னொரு ஊர். அங்கே வண்டி நிறுத்த இடம் கிடைப்பதற்குள் பிள்ளை பட்டதாரி ஆகிவிடும் என்று தலைவர் அபிப்பிராயப்பட்டார்.

அவரை அசைத்தது ஸ்கோப்பும் அல்ல, ஜோசியமும் அல்ல. டேனியல் கானெமன் சொன்னதாக மகள் எடுத்துச் சொன்ன ஒரு பழைய கதை.

2002-இல் பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கிய உளவியலாளர் கானெமன். 2024 மார்ச்சில் காலமானார். எழுபதுகளில் அவர் இஸ்ரேல் கல்வி அமைச்சகத்தோடு பேசி, உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முடிவெடுப்பது எப்படி என்று ஒரு பாடத்திட்டமும் புத்தகமும் எழுதக் குழு அமைத்தார். ஆசிரியர்கள், அவருடைய மாணவர்கள், பாடத்திட்ட நிபுணர் சீமோர் ஃபாக்ஸ் எல்லோரும் வெள்ளிக்கிழமைதோறும் கூடினார்கள். ஒரு வருடம் போல ஓடியபின், வேலை முடிய எவ்வளவு காலம் ஆகும் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே சீட்டில் எழுதினார்கள். எல்லாச் சீட்டும் இரண்டு வருடத்தைச் சுற்றியே வந்தது, ஃபாக்ஸின் சீட்டும்தான். கானெமன் அவரிடம் திரும்பி, இதே மாதிரி பாடத்திட்டம் எழுதக் கிளம்பிய மற்ற குழுக்களுக்கு எவ்வளவு ஆனது என்று கேட்டார். ஃபாக்ஸ் முகம் சிவந்து, நூற்றுக்கு நாற்பது குழு முடிக்கவே இல்லை, முடித்தவர்களுக்கு ஏழிலிருந்து பத்து வருடம் ஆனது என்றார். நம் குழு அவர்களை விடத் திறமையானதா? இல்லை, கொஞ்சம் மட்டம் என்றார். கதையின் அழகு இனிமேல்தான். அதைக் கேட்டபின்னும் எல்லோரும், முடிவெடுப்பதைப் பற்றிப் பாடம் எழுதிக்கொண்டிருந்த அந்த எல்லோரும், காதில் விழாதது மாதிரி வேலையைத் தொடர்ந்தார்கள். புத்தகம் முடிய எட்டு வருடம் ஆனது. அதற்குள் அமைச்சகத்துக்கு ஆசை விட்டுப்போய், அந்தப் பாடம் ஒரு வகுப்பிலும் நடக்கவில்லை.

தலைவர் நெடுநேரம் பேசவில்லை. அவருடைய புராஜெக்ட் அந்த ஆகஸ்டில் முடிவதாக இருந்தது. அதற்கு முந்தைய ஆகஸ்டிலும் முடிவதாக இருந்தது.

"இது பாடத்துல வருமா?" என்றார்.

"திட்டமிடல் பிழைன்னு பேரு. 1979-லயே எழுதிட்டாங்க ப்பா."

"எழுபத்தொம்பதுலயேவா? எங்க கம்பெனிக்கு இன்னும் தகவல் வரலையே."

இளகிய நேரம் பார்த்து மகள் வி.எஸ். ராமச்சந்திரனையும் இறக்கினாள். 1951-இல் பிறந்த தமிழர். அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரன். கையை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வலி எடுக்கும். மருந்துக்குக் கட்டுப்படாத அந்த வலியை, அட்டைப்பெட்டிக்குள் ஒரு சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தி, இருக்கிற கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காட்டி, பலருக்குக் குறைத்தவர். இன்று கலிஃபோர்னியாவில் உளவியல் பேராசிரியர். தலைவரின் தமிழ் நெஞ்சு விம்மியது. எந்தக் கல்லூரி என்று கேட்டார்.

"ஸ்டான்லி மெடிக்கல் காலேஜ்."

"பாத்தியா! டாக்டருக்குப் படிச்சிட்டுல்லா போயிருக்காரு!"

இரண்டு படி ஏறி ஒரு படி சறுக்கியது. உயிரியலையும் வேதியியலையும் தான் விடவில்லையே, விடுவது கணக்கை மட்டும்தானே என்று அவள் நினைவூட்ட வேண்டியிருந்தது. கடைசியாக எப்போது அப்பா இன்டக்ரேஷன் போட்டார் என்றும் கேட்டு வைத்தாள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் வரவில்லை.

கும்பகோணத்துக்காரியான தலைவி இதுவரை ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அவள் கவலை வேறு. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது அவள் பிறந்த வீட்டுச் சொத்து. அதற்கு அறிவியல் ஆதாரமாக, மார்ஷ்மெல்லோவைத் தின்னாமல் காத்திருந்த குழந்தைகள் பின்னாளில் பெரிய ஆட்களானார்கள் என்ற வீடியோவை யாரோ அனுப்பியிருந்தார்கள். அதிரசத் தட்டை நகர்த்தி வைத்துக்கொண்டு அவள் அதைச் சொன்னபோது, மகள் தட்டை இழுத்துக்கொண்டே சொன்னாள்: "வால்டர் மிஷெல் செஞ்சது அறுபதுகள்லம்மா, ஒரே ஒரு நர்சரி ஸ்கூல்ல. 2018-ல தொள்ளாயிரத்துக்கு மேல குழந்தைகளை வச்சுப் பார்த்தாங்க. வீட்டு வசதி, அம்மா படிப்பு எல்லாத்தையும் கணக்குல எடுத்ததும் அந்த வித்தியாசம் பெரும்பாலும் காணாமப் போச்சு." அதிரசமும் காணாமல் போனது.

தலைவியின் பயம் நியாயமானது. காபிக் கடைக் குழுவில் யாரும் எழுப்பாத, ஆனால் எழுப்பியிருக்க வேண்டிய ஆட்சேபம் இதுதான். எண்ணெய் தேய்த்த அன்று வெயிலில் போகக் கூடாது, மோர் குடித்தால் சளி பிடிக்கும், அந்த வீட்டுப் பெண்கள் எல்லோருமே அப்படித்தான் என்று ஒரு குடும்பம் நூறு வருடமாகச் சேர்த்து வைத்திருக்கும் உளவியல் முழுவதையும், பதினாறு வயதுப் பெண் ஒருத்தி "எத்தனை பேரை வச்சுப் பார்த்தீங்க?" என்ற ஒற்றைக் கேள்வியால் தினமும் மேஜைக்கு இழுப்பாள். கணக்கு எடுக்கிற பிள்ளை கணக்கைக் கணக்கு நோட்டோடு விட்டுவிடும். இந்தப் பாடம் எடுக்கிற பிள்ளை சமையலறை வரைக்கும் வரும். ஸ்கோப்பைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோர் தப்பான பக்கம் காவல் நிற்கிறார்கள்.

பயந்தவளே கையெழுத்தும் போட்டாள் என்பதுதான் வேடிக்கை. உளவியலும் கணக்கும் ஒரே கட்டத்தில் வருகின்றன, ஒன்றைத்தான் எடுக்க முடியும், உளவியலில் இடங்கள் நிரம்பிக்கொண்டிருக்கின்றன என்று பள்ளியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. தலைவர் ஃபோன் காலில் இருந்தார்; கையைக் காட்டி, அப்புறம் என்றார். தலைவி மாவடு பாட்டிலை நகர்த்தினாள், 037-க்கு நேரே டிக் அடித்தாள், பெற்றோர் என்ற இடத்தில் பெயரை எழுதினாள். "கேள்வி கேக்கறதுன்னா கேக்கட்டும். ஒழுங்காக் கத்துண்டு கேக்கட்டும்."

அதன்பின் நடந்ததை உளவியலாளர் ஜாக் பிரெம் 1956-இலேயே எழுதிவிட்டார். பெண்கள் சிலரிடம் டோஸ்டர், காபி மெஷின் போன்ற வீட்டுச் சாமான்களைக் காட்டி மதிப்புப் போடச் சொல்லி, ஏறக்குறைய சமமாக வந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். எடுத்தபின் மறுபடி மதிப்புப் போடச் சொன்னால், கையில் இருப்பது உசத்தியாகிவிட்டது, விட்டது மட்டமாகிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காபிக் கடை வாசலில் தலைவர், உளவியல் இல்லாத பிளஸ் டூ ஒரு பிளஸ் டூவா என்ற தோரணையில் பேசிக்கொண்டிருந்தார். மத்தியப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான கியூட்டில் உளவியல் தனிப் பாடமாகவே இருப்பதைச் சுட்டிக் காட்டினார். மதுரைக்காரர் தன் பையனுக்கும் கேட்டுப் பார்க்கப் போவதாகச் சொன்னார். தன் மேனேஜருக்கு என்ன கோளாறு என்பதைக்கூடத் தலைவர் கண்டுபிடித்துவிட்டார். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தின் நான்காம் அத்தியாயம் வரை இரவில் வாசித்திருக்கிறார். மகள் அட்டையைக்கூட இன்னும் திருப்பவில்லை.

பாக்கி இருப்பது ஏ.பி. தேர்வு. காலேஜ் போர்டு அதை மே மாத முதல் பாதியில், உலகம் முழுவதற்கும் நாள் குறித்து நடத்துகிறது. பெயர் கொடுக்க முந்தைய நவம்பரே கெடு. நெல்லைப் பக்கத்தில் சித்திரை, வைகாசி என்றால் கோயில் கொடை. சுடலைமாடன் கொடைக்கு வரி கொடுத்துவிட்டு ஆள் வராமல் இருக்க முடியாது. கொடைக்கு நாள் குறிக்கும் ஊர்க்கூட்டமோ பங்குனியில்தான் கூடும். ரயில் டிக்கெட்டுக்கு அறுபது நாள் முன்பு முன்பதிவு திறக்கிறது. மூன்று தேதியும் ஒன்றுக்கொன்று முகம் பார்க்காமல் நிற்கின்றன. தலைவர் ஊருக்குப் போன் போட்டு, இந்த ஒரு வருடம் மட்டும் ஐப்பசியிலேயே நாள் குறிக்க முடியுமா, அமெரிக்காவில் ஒரு போர்டு கேட்கிறது என்று வரிக்காரப் பெரியப்பாவிடம் பணிவாகக் கேட்டார்.

"அது முடியாது. கூட்டம் கூடாம ஒத்த ஆளு நாள் சொல்ல முடியாது" என்றார் பெரியப்பா. கொஞ்சம் யோசித்துவிட்டு, போனை வைக்கும் முன் சொன்னார்: "எப்படியும் கொடை செவ்வாக்கெழமதான் வரும். அந்தப் போர்டுக்காரன்ட்ட செவ்வாக்கெழம மட்டும் பரீட்ச வேண்டாம்னு சொல்லச் சொல்லு."